சென்னை – டொராண்டோ: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு தளம் 13,390 கிலோமீட்டர், 16 மணி நேரம் என்கிறது. டிக்கெட் தளத்தில் 21 மணி 30 நிமிடம் என்று இருக்கிறது, அதற்கு அடுத்த வரியிலேயே 31 மணி நேரம் என்று இன்னொன்று. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரவு 9:30க்குக் கிளம்பி மறுநாள் காலை 9:30க்கு இறங்கிவிடுகிறோம், 12 மணி நேரம்தான். மகள் வீட்டுக்கு முதன்முறையாகப் போகும் ஒரு அம்மா இதில் எதை நம்புவது?

எல்லாமே சரியான எண்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான நேர்த்தூரம் ஒன்று, விமானம் உண்மையில் பறக்கும் தூரம் ஒன்று, பறக்கும் நேரம் ஒன்று, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் இன்னொன்று. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால் டிக்கெட் எடுப்பதில் பாதிக் குழப்பம் போய்விடும். சென்னை – டொராண்டோவை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கொழும்பு – டொராண்டோ, சென்னை – மெல்பர்ன் என்று உங்களுக்கு வேண்டிய எந்த ஜோடிக்கும் இதே முறைதான்.

படி 1: நேர்த்தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமி உருண்டை. அதனால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி என்பது சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு இல்லை. உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். வீட்டில் குளோப் இருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். சென்னையில் ஒரு விரல், டொராண்டோவில் ஒரு விரல் வைத்து நூலை இறுக்கினால், அது அரபிக்கடல் பக்கமும் மத்தியதரைக் கடல் பக்கமும் போகாமல் நேராக வடக்கே ஏறி, வட துருவப் பகுதியை ஒட்டிப் போய், மறுபக்கம் இறங்கும்.

எண் மட்டும் வேண்டுமென்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் போட்டால் போதும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., டொராண்டோ பியர்சனுக்கு ஒய்.ஒய்.இசட்., கொழும்பு கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி. ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. டொராண்டோ பியர்சன் 43.68 பாகை வடக்கு, 79.63 பாகை மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.17 + 79.63 = 159.80. இனி கைபேசியில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டரைத் திறந்து, அது டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இப்படிப் போடுங்கள்:

சைன் 12.99 × சைன் 43.68 = 0.2248 × 0.6906 = 0.1552

கொசைன் 12.99 × கொசைன் 43.68 × கொசைன் 159.80 = 0.9744 × 0.7232 × (−0.9385) = −0.6614

இரண்டையும் கூட்டினால் −0.5062. இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 120.41 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகை என்பது 111.2 கிலோமீட்டர். 120.41 × 111.2 = 13,390 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் வேண்டுமென்றால் பாகையை 60ஆல் பெருக்குங்கள், 7,225 வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைலில் ஏறத்தாழ 8,320. இணையத்தில் மூன்று தளங்கள் மூன்று எண் சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த அலகுக் குழப்பம்தான் காரணம். மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசம், பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதைக் கணக்கில் எடுத்தார்களா இல்லையா என்பதால் வருவது. அது அரை சதவீதத்தைத் தாண்டாது.

கொழும்பிலிருந்து போட்டால் விடை 14,000 கிலோமீட்டர் அளவில் வரும். தெற்கே தள்ளி இருப்பதால் சென்னையைவிட 600 கிலோமீட்டர் கூடுதல்.

படி 2: அந்தக் கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி.

சென்னை – டொராண்டோ நேர்க்கோடு ராஜஸ்தான் வழியாக ஏறி, பாகிஸ்தானின் இஸ்லாமாபாத் பக்கமாகப் போய், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தானைக் கடந்து, ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியைத் தொட்டு, நார்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கிர்க்கெனஸ் ஊருக்கு அருகில் கடலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து 73 பாகை வடக்கைத் தாண்டி, கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மேலாகப் போய், கனடாவின் லாப்ரடார், கியூபெக் வழியாக டொராண்டோ.

இப்போது இந்தக் கோட்டில் யார் பறக்க முடியும் என்று யோசியுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடா தன் வான்பரப்பை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் கனடிய விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது, சில நாளில் இந்தியாவும் அதையே செய்தது. ஆக, இந்திய விமானத்துக்குக் கோட்டின் தொடக்கம் அடைபட்டது, கனடிய விமானத்துக்குக் கோட்டின் நடுப்பகுதி அடைபட்டது. டெல்லியிலிருந்து கிளம்பும் ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சுற்றிப் போக வேண்டியிருந்ததற்கும், சில விமானங்கள் ஐரோப்பாவில் எரிபொருளுக்காக நிற்க வேண்டியதானதற்கும் காரணம் இதுதான்.

துபாய் வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கலாம். துபாய் – டொராண்டோ நேர்க்கோட்டை வரைந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட கீவ் நகரத்தின் மேலேயே போகிறது. உக்ரைன் வான்பரப்பு 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனால் அந்த விமானமும் வளைந்துதான் போகும். நேர்த்தூரத்தைவிட உண்மையில் பறக்கும் தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடிவிடும்.

உங்கள் விமானம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களின் பாதையைத் திறந்து பாருங்கள். நேர்க்கோட்டையும் அந்தப் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்பது புரிந்துவிடும்.

படி 3: இடையில் எங்கே மாறுவது என்பதால் தூரம் எவ்வளவு கூடுகிறது?

நான் இதை எழுதும்போது சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேரடி விமானம் இல்லை. இவ்வளவு தூரம் பறக்க விமானம் இல்லாமல் அல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 விமானம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறது. விமானம் தயாராகத்தான் இருக்கிறது. திறந்த வழியும் நாள்தோறும் நிரம்பும் அளவுக்குப் பயணிகளும் ஒன்றாக அமைய வேண்டும்.

எனவே எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் இரண்டு நேர்த்தூரங்களைக் கண்டுபிடித்துக் கூட்டுங்கள். நான் போட்டது இது:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
பிராங்க்ஃபர்ட் வழி: 7,595 + 6,345 = 13,940 கி.மீ.
லண்டன் ஹீத்ரோ வழி: 8,235 + 5,710 = 13,945 கி.மீ.
துபாய் வழி: 2,935 + 11,080 = 14,015 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,715 + 12,565 = 16,280 கி.மீ.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டெல்லி கிட்டத்தட்ட கோட்டிலேயே இருக்கிறது, கூடுதல் வெறும் 10 கிலோமீட்டர். லண்டனும் பிராங்க்ஃபர்ட்டும் துபாயும் ஒன்றுக்கொன்று 75 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகின்றன. நேர்த்தூரத்தோடு ஒப்பிட்டால் 5 சதவீதம்கூடக் கூடவில்லை. துபாய் வழி சுற்று, லண்டன் வழி நேர் என்று பலரும் நினைப்பதற்கு அடிப்படையே இல்லை. கிழக்கே ஹாங்காங் போனால் மட்டும்தான் உண்மையான சுற்று, கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். பறப்பதில் மட்டும் மூன்றரை மணி நேரத்துக்குச் சமம்.

ஆகவே மேற்கு வழிகளுக்குள் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்வு செய்ய வேண்டியது இனி வரும் படிகளில் இருக்கிறது.

படி 4: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 84, 85 சதவீதத்தில் பறக்கின்றன. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு 900 கிலோமீட்டர். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, பாதையும் நேராக இல்லை. அதனால் நான் வைத்திருக்கும் எளிய கணக்கு: தூரத்தை 850ஆல் வகுங்கள், அதோடு அரை மணி நேரம் சேருங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் இறங்கிய பிறகு கேட்டுக்கு வருவதற்கும் அந்த அரை மணி.

சென்னை – துபாய்: 2,935 ÷ 850 = 3.45 மணி, அரை மணி சேர்த்தால் 4 மணி நேரம் வரும். டிக்கெட்டில் 4 மணி 15 நிமிடம் போல இருக்கும். துபாய் – டொராண்டோ: 11,080 ÷ 850 = 13.04, அரை மணி சேர்த்தால் 13 மணி 32 நிமிடம். டிக்கெட்டில் 14 மணி நேரம் அளவில் இருக்கும். லண்டன் – டொராண்டோ இந்தக் கணக்கில் 7 மணி 13 நிமிடம், டிக்கெட்டில் 8 மணி நேரம் அளவில் இருக்கும்.

இந்த வித்தியாசம் காற்றால் வருவது. வட அட்லாண்டிக்கின் மேல் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலமான காற்று இருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். டொராண்டோ போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது நம்மைத் தள்ளிவிடும் காற்று. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. அதே இரவில் எதிர்த்திசையில் போனவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காற்றைப் பார்த்துத்தான் அட்லாண்டிக்கின் மேல் விமானங்களுக்கான தடங்களைத் தினமும் புதிதாகப் போடுகிறார்கள். பிரிட்டன் – அயர்லாந்து பக்கம் ஷான்விக், கனடாப் பக்கம் காண்டர் என்று இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் இதைச் செய்கின்றன. பகலில் மேற்கே போகும் விமானங்களுக்கு எதிர்க்காற்று குறைவான இடத்திலும், இரவில் கிழக்கே வரும் விமானங்களுக்குப் பின்காற்று அதிகமான இடத்திலும் தடம் விழும். அதனால் நேற்றுப் போன பாதையிலேயே இன்றும் விமானம் போகும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கணக்குக்கு இது போதும்: அட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கே போகும்போது 30 முதல் 45 நிமிடம் சேருங்கள். கிழக்கே திரும்பும்போது 20 முதல் 40 நிமிடம் கழியுங்கள். துபாய் – டொராண்டோ 14 மணி என்றால் டொராண்டோ – துபாய் 12 மணி 45 நிமிடம் அளவில் இருப்பதை டிக்கெட்டிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று. டிக்கெட்டில் இருப்பது விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் கேட்டுக்கு வந்து நிற்பது வரையான நேரம். நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டே இதை எழுதுகின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்குவது இதனால்தான். விமானம் கொஞ்சம் லேட் என்றதும் பதற வேண்டாம்.

படி 5: கடிகாரக் கணக்கு

எங்கே ஆட்கள் தடுமாறுகிறார்கள் என்று கேட்டால் இங்கேதான். டிக்கெட்டில் அச்சாகும் எல்லா நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். அவற்றை நேராகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. எல்லாவற்றையும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் தப்பே வராது.

இந்தியாவும் இலங்கையும் யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். துபாய் 4 மணி முன்னால். டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். ஆக, நமக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் 9 மணி 30 நிமிடம், குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடம் வித்தியாசம்.

ஒரு கோடைப் பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். நேரங்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சென்னையில் இரவு 21:30க்குக் கிளம்புகிறோம், யுடிசியில் 16:00. 4 மணி 15 நிமிடம் பறந்தால் யுடிசி 20:15, துபாய் நேரம் நள்ளிரவு 00:15. அடுத்த விமானம் துபாய் நேரம் 03:30க்கு, அதாவது யுடிசி 23:30. இடையில் 3 மணி 15 நிமிடம். பிறகு 14 மணி பயணம், யுடிசி மறுநாள் 13:30, டொராண்டோ நேரம் காலை 9:30.

16:00இலிருந்து மறுநாள் 13:30 வரை 21 மணி 30 நிமிடம். 4:15 + 3:15 + 14:00 என்று கூட்டினாலும் அதே 21:30. இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் கணக்கு சரி. ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு ஊரின் நேர வித்தியாசத்தைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள்.

திரும்பும் பயணம்: டொராண்டோ மதியம் 14:00, யுடிசி 18:00. 12:45 மணி பறந்தால் யுடிசி 06:45, துபாய் காலை 10:45. அங்கே 4 மணி காத்திருந்து, 4 மணி பறந்தால் யுடிசி 14:45, சென்னை இரவு 20:15. மொத்தம் 20 மணி 45 நிமிடம். ஆனால் காலண்டரைப் பார்த்தால் ஒரு நாளுக்கும் மேல் ஓடியிருக்கும். வந்து இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், மறுநாள் என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வந்து நிற்கும் உறவினர்கள் உண்டு. நள்ளிரவு 00:30க்குக் கிளம்பும் விமானத்தில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. 15ஆம் தேதி 00:30 என்றால் 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும்.

கடிகாரம் மாறும் வாரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். லண்டனிலும் பிராங்க்ஃபர்ட்டிலும் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கும். இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் 5 மணிக்குப் பதில் 4 மணிதான் வித்தியாசம். விமான நிறுவனங்களின் கோடை அட்டவணையும் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்குவதால், ஆறு மாதம் முன்பே எடுத்த மார்ச், ஏப்ரல் டிக்கெட்டில் நேரம் மாறியிருக்கலாம். இந்த மாதங்களில் போகிறவர்கள் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை பிஎன்ஆர் (டிக்கெட் பதிவு எண்) போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 6: இடைமாற்றத்துக்கு எவ்வளவு நேரம் விடலாம்?

தூரம், காற்று எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம்தான் மாற்றும். இடைமாற்றம் பத்து மணி நேரம் மாற்றும். 21 மணிப் பயணமும் 31 மணிப் பயணமும் ஒரே வழியாக இருப்பதற்குக் காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

ரொம்பக் குறைவாக இருப்பதும் நல்லதில்லை. 75 நிமிட இடைவெளியில் டிக்கெட் விற்கிறார்கள் என்றால் அது அந்த விமான நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் அப்பாவால் அந்த நேரத்துக்குள் நடந்துபோக முடியும் என்று பொருள் இல்லை. ஒரே டெர்மினலுக்குள் மாறுவதற்கு இரண்டரை மணி, ஹீத்ரோ மாதிரி டெர்மினல் மாறப் பேருந்து ஏறி மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டிய இடத்தில் மூன்று மணிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் மூன்று முதல் நான்கு மணி. வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. மொழி தெரியாத ஊரில் சரியான கேட்டுக்குக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடும் சேவை அது.

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சென்னை – துபாய் ஒரு நிறுவனத்திலும் துபாய் – டொராண்டோ வேறொன்றிலும் தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. லக்கேஜை நடுவில் எடுத்து மறுபடி போட, அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம்.

விசா என்றதும் இன்னொன்று. அமெரிக்கா வழியாகப் போனால் வெறும் இடைமாற்றத்துக்கே அமெரிக்க விசா வேண்டும், அங்கே இமிகிரேஷனும் முடிக்க வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் டிரான்சிட் விதி பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, உங்களிடம் இருக்கும் கனடிய விசாவைப் பொறுத்தும் மாறும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று என்று இருக்கலாம். பணம் கட்டும் முன் அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள். மான்ட்ரியால் வழியாகப் போனால் கனடாவுக்குள் முதலில் இறங்கும் அந்த ஊரிலேயே இமிகிரேஷன். அதே மாதிரி டெல்லி வழியாகத் திரும்பினால் டெல்லியிலேயே இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் முடித்து லக்கேஜை மறுபடி போட்டுவிட்டுச் சென்னை விமானத்துக்கு ஓட வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. அதே மாதங்களில் டொராண்டோவில் பனிப்புயல், விமானத்தின் இறக்கையில் படியும் பனியை மருந்து தெளித்து நீக்கவே அரை மணி போகும். சென்னையில் நவம்பர், டிசம்பர் புயல் காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இந்த மாதங்களில் இடைவெளியை ஒரு மணி நேரம் கூட்டி வைப்பது நல்லது.

எந்த வழி என்று என்னைக் கேட்டால்: மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஐரோப்பா வழி. 10, 11 மணி ஒன்று, 8 மணி ஒன்று என்று பயணம் இரண்டாகப் பிரிந்துவிடும், நடுவில் எழுந்து நடக்கலாம். துபாய், தோஹா, அபுதாபி வழியில் முதல் பயணம் நாலு மணியில் முடிந்துவிடும், ஆனால் அடுத்து 14 மணி ஒரே இருக்கையில். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது பரவாயில்லை, நீண்ட பயணத்தில் குழந்தை தூங்கிவிட்டால் பெற்றோரும் கொஞ்சம் கண்ணை மூடலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் எந்த வழியானாலும் முதலில் மருத்துவரிடம் யுடிசி கணக்குப் போட்ட தாளைக் காட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது நாள் நீளும், கிழக்கே வரும்போது சுருங்கும், அளவும் அதற்கேற்ப மாற வேண்டும்.

படி 7: வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது கடைசிக் கூட்டல். விமானம் கிளம்ப 3 மணி முன்பு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சென்னைக்குள்ளேயே இருப்பவர்கள் அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு 6 மணி நேரம். திருச்சியிலிருந்தே வளைகுடாவுக்கு விமானம் இருப்பதால் அங்கிருந்து ஒரே பிஎன்ஆரில் டொராண்டோ வரை கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வேன் பிடித்துக் கட்டுநாயக்க வருகிறவர்களுக்கு ஒரு முழு இரவு. சாலையில் டயர் பஞ்சரானாலும் தவறாத அளவுக்கு நேரம் விட்டுக் கிளம்புங்கள்.

சென்னைக் குடும்பம் ஒன்றுக்கு: வீட்டிலிருந்து விமான நிலையம் 1:30, அங்கே 3:00, பயணம் 21:30, பியர்சனில் இமிகிரேஷனும் லக்கேஜும் 1:30, அங்கிருந்து ஸ்கார்பரோ வீட்டுக்கு 1:00. மொத்தம் 28 மணி 30 நிமிடம். மாத்திரை, மாற்றுத்துணி, கைக்குழந்தையின் பால்பவுடர் எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்துத்தான் கைப்பையில் எடுத்து வைக்க வேண்டும், டிக்கெட்டில் இருக்கும் 21:30ஐ வைத்து அல்ல. மாத்திரையை இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் அழைத்துப்போக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பியர்சன் மிசிசாகாவில் இருக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் ஒரு மணிக்கு மேல் எடுக்கும். 9:30க்கு விமானம் இறங்கினால் அம்மா வெளியே வர 11 ஆகலாம், அதனால் இறங்கும் நேரத்துக்கே போய் பார்க்கிங் கட்டணம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முந்தைய இரவே ஃபிளைட்ரேடார்24இல் விமான எண்ணைப் போட்டு வையுங்கள். துபாயிலிருந்து கிளம்பியதும் அது எத்தனை மணிக்கு இறங்கும் என்று காட்டும், காற்றைப் பொறுத்து அந்த நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். கிரீன்லாந்தைத் தாண்டிய பிறகு அது காட்டும் நேரம் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் மாறாது, அதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யலாம். குளிர்காலம் என்றால் காரில் ஒரு கனத்த கோட்டும் ஒரு ஜோடி கையுறையும் எடுத்துப் போங்கள். சென்னையிலிருந்து வருகிறவரின் கோட்டு பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருக்கும்.